கேட்க ஆளில்லாத பாட்டு

ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் ஜீப்ரா ஃபிஞ்ச் என்றொரு சிறு குருவி கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. எடை 12 கிராம் அளவுதான் இருக்கும். நம் வயல்களில் கதிர் கொத்த வரும் சில்லைகளுக்கு உறவுக்காரக் குருவி; நம்மூர்ப் பறவைக் கடைகளிலும் இதைக் கூண்டில் வைத்து விற்கிறார்கள். ஆணுக்குச் சிவந்த அலகு, கன்னத்தில் செம்பழுப்புத் திட்டு, தொண்டையில் மெல்லிய கறுப்பு வரிகள். பாடுவது ஆண் மட்டும். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. ஏறக்குறைய ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆயுள் முழுக்க அதையேதான் பாடும்.

பெண் குருவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஆண் அதன் பக்கம் திரும்பித் துள்ளித் துள்ளிப் பாடுகிறது. அதன் காரணம் எல்லோருக்கும் புரியும். ஆனால் துணையும் இல்லை, எதிரியும் இல்லை, கேட்பதற்கு யாருமே இல்லை என்கிற வேளையிலும் இந்தக் குருவி பாடுகிறது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தினமும். ஒரே நாளில் பலநூறு முறை. இரை கிடைக்கப் போவதில்லை, பாராட்டும் கிடைக்கப் போவதில்லை. பிறகு எது அதைப் பாட வைக்கிறது?

இந்தக் கேள்வி குருவியோடு முடிந்துவிடுவதில்லை. வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் இரவில் அரை மணி நேரம் ஓவியம் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்த பிறகு வீணை கற்கத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களை மறுநாளும் அதே இடத்தில் கொண்டுவந்து உட்காரவைப்பது எது? ஊக்கம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது வெளியிலிருந்து வரவேண்டிய ஒன்று என்ற எண்ணமும் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது: ஒரு நல்ல பேச்சு, ஒரு சாதனையாளரின் கதை, காலையில் கைபேசியில் வந்து விழும் ஒரு வாசகம். தனியாகப் பாடும் குருவியின் மூளைக்குள் மின்முனை வைத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் உயிரியல் கண்டவற்றில் மிக அழகானவற்றுள் இதுவும் ஒன்று என்பேன்.

முதலில் குருவி பாட்டைக் கற்கும் விதத்தைப் பார்க்கவேண்டும். குஞ்சு பொரித்து ஏறக்குறைய 25 நாளிலிருந்து அது பெரியவர்களின் பாட்டை, பெரும்பாலும் அப்பாவின் பாட்டை, உள்வாங்கத் தொடங்குகிறது. இன்னும் ஓரிரு வாரங்களில் தானும் வாயைத் திறக்கிறது. வெளியே வருவது பாட்டாகவே இருக்காது. கிறீச்சிடல், முனகல், திக்கல், வரிசையில்லாத ஒலித்துணுக்குகள். இங்கிலாந்தைச் சேர்ந்த டெய்ன்ஸ் பாரிங்டன் 1773-லேயே பறவைக் குஞ்சுகளின் இந்த முதல் முயற்சிகளைக் குழந்தையின் மழலையோடு ஒப்பிட்டு எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து டார்வினும் தம் நூலில் அந்த ஒப்புமையை எடுத்தாண்டார். மழலையிலிருந்து முழுப் பாட்டுக்கு வந்துசேரக் குஞ்சுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. அதற்குள் அது லட்சக்கணக்கான அசைகளைப் பாடித் தீர்த்துவிடுகிறது. பிறந்து 90 நாள் ஆகும்போது பாட்டு உறைந்து நிலைத்துவிடும்.

இந்த இரண்டு மாதங்களும் அப்பா வந்து திருத்துவதில்லை, யாரும் அடிப்பதோ இரை கொடுப்பதோ இல்லை. அப்படியானால் எது சரி, எது தவறு என்று குஞ்சுக்குச் சொல்வது யார்? மசகாஸு கோனிஷி என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1965-ல் இதற்கு விடை தந்தார். அமெரிக்காவில் வெண்கொண்டைச் சிட்டு ஒன்று உண்டு. அதன் குஞ்சுகளைப் பெரிய பறவையின் பாட்டை நன்றாகக் கேட்கவிட்டு, அவை தாமாகப் பாடத் தொடங்கும் முன் செவிப்புலனை நீக்கினார். பாட்டு மனதில் பதிந்துதான் இருந்தது. ஆனாலும் அந்தப் பறவைகளால் கடைசிவரை அதைப் பாட முடியவில்லை. மாதிரி உள்ளே இருந்தால் மட்டும் போதாது. தன் குரலைத் தானே கேட்டு, அந்த மாதிரியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆக, குஞ்சுக்கு ஆசிரியர் உண்டு. அவர் அதன் தலைக்குள்ளேயே இருக்கிறார்.

ஒத்துப் பார்ப்பதற்கு முன் ஒத்துப் பார்க்க ஏதாவது இருக்கவேண்டும். குஞ்சின் மழலையில் அத்தனை குழப்பம் ஏன்? தசைகள் இன்னும் பழகவில்லை, மூளை முதிரவில்லை, அதனால் தடுமாறுகிறது என்றுதான் யாரும் நினைப்போம். 2005-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பென்ஸ் ஓல்வெட்ஸ்கியும் மிகேல் ஃபீயும் ஒரு சோதனை செய்தார்கள். பறவை மூளையின் முன்பகுதியில் எல்மேன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிறு நரம்புத் திரள் இருக்கிறது. மழலைப் பருவத்துக் குஞ்சுகளில் அதை மருந்தால் கொஞ்ச நேரம் தூங்கவைத்தார்கள். மருந்து பிடித்ததும் குஞ்சின் பாட்டு ஒழுங்காகிவிட்டது; ஒரே அச்சில் வார்த்ததுபோல் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தது. மருந்து இறங்கியதும் பழைய குழப்பம் திரும்பியது.

இதன் பொருளை நிதானமாக யோசிக்கவேண்டும். ஒழுங்காகப் பாடும் திறன் குஞ்சிடம் ஓரளவு ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கலைத்துவிடுவது மூளையே. தடுமாற்றத்தை உண்டாக்குவதற்கென்றே மூளையில் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏன் அப்படி? சாரா பாட்ஜர் குழுவினர் 1984-லேயே இதன் மறுபக்கத்தைக் கண்டிருந்தார்கள். வளர்ந்த பறவையில் எல்மேனை நீக்கினால் பாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. குஞ்சில் நீக்கினால், அது மேற்கொண்டு கற்பதே நின்றுபோகிறது; அரைகுறைப் பாட்டு அரைகுறையாகவே தங்கிவிடுகிறது. தடுமாற்றத்தை எடுத்துவிட்டால் தேடலும் சேர்ந்து போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும் சற்று மாற்றிப் பாடிப் பார்த்தால்தானே எது மாதிரிக்கு நெருக்கம் என்று தெரியும். ஒரு கலையைத் தொடங்கிய முதல் மாதங்களில் தன் தடுமாற்றத்தைக் கண்டு மனம் கசந்து விட்டுவிடுகிறவர்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் காதுக்கு இந்தச் சோதனையின் முடிவு எட்டவேண்டும்.

மாற்றிப் பாடியதில் எது நெருக்கம் என்பதை மூளை எப்படிக் குறித்துக்கொள்கிறது? அதற்கு மூளையில் சுரக்கும் டோபமினுக்கு வரவேண்டும். டோபமின் என்றாலே இன்பத்தைத் தரும் வேதிப்பொருள் என்று இப்போது பரவலாகப் பேசுகிறார்கள். அது சரியில்லை. 1995-ல் சியாட்டிலில் ரிச்சர்ட் பால்மிட்டரின் ஆய்வகம் டோபமினே சுரக்காத எலிகளை உருவாக்கியது. அவற்றின் முன் உணவு இருந்தாலும் எழுந்துபோய்த் தின்னவில்லை. மருந்து கொடுக்காவிட்டால் சில வாரங்களில் பட்டினியால் இறந்தன. ஆனால் உணவை வாயில் வைத்தால் விழுங்கின. வெறும் தண்ணீருக்கும் சர்க்கரைத் தண்ணீருக்கும் வேறுபாடு கண்டு சர்க்கரையை விரும்பின என்று பின்னர் நடந்த சோதனைகள் காட்டின. சுவை இருந்தது, விருப்பமும் இருந்தது. எழுந்து நடந்து போகவைக்கும் உந்தல்தான் இல்லை. நாம் ஊக்கம் என்று சொல்வதற்கு இதைவிட நெருக்கமான ஒன்றை உயிரியலில் நான் பார்த்ததில்லை.

அந்த உந்தல் எப்போது கிளம்புகிறது என்பதை 1990-களில் சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் நடுமூளையின் டோபமின் நரம்புகள் படபடவென்று துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பின் சாறு வரும் என்று பழக்கிவிட்டால், விளக்கைக் கண்டதும் துடித்தன; சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்த நொடியில் வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. இந்த நரம்புகள் பரிசை அளக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை அளக்கின்றன. தினமும் வருகிற பால்காரர் வாசலில் நின்றால் மனம் துள்ளுவதில்லை. துபாயிலிருந்து அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் துள்ளுகிறது.

வெளியிலிருந்து வரும் ஊக்க வார்த்தைகள் ஏன் நாலு நாளுக்குமேல் தாங்குவதில்லை என்பதற்கும் இதில் விளக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முதல்நாள் கேட்கும்போது அந்தப் பேச்சு எதிர்பாராதது, அதனால் உள்ளே ஏதோ எழும்புகிறது. பத்தாவது முறை அது வரும் என்று மனதுக்கு முன்பே தெரியும். பேச்சில் பழுதில்லை, கேட்டவரிடமும் பழுதில்லை. தெரிந்த ஒன்றுக்குத் துடிக்கும்படி இந்த நரம்புகள் அமையவில்லை.

குரங்குக்குச் சாறு இருந்தது. தனியாகப் பாடும் குருவிக்கு என்ன இருக்கிறது? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விக்ரம் கடகர், ஜெஸ்ஸி கோல்ட்பெர்க் குழுவினர் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2016-ல் அதன் முடிவு வெளியானது. சோதனையின் அமைப்பே ரசிக்கத்தக்கது. குருவியின் நடுமூளையில் டோபமின் நரம்புகளுக்கு அருகே மயிரிழை போன்ற மின்முனைகள். கூண்டில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும். குருவி பாடுவதைக் கணினி ஒன்று கூடவே கேட்டுக்கொண்டிருக்கும். பாட்டில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஓர் அசை வந்தவுடன், சில தடவைகளில் மட்டும், அதன்மேல் ஒரு கரகரப்பான ஒலியைச் சட்டென்று போட்டுவிடும். குருவியின் காதுக்கு, தானே அந்த இடத்தில் பிசகிவிட்டதாகக் கேட்கும். எந்தத் தடவை கெடும், எந்தத் தடவை கெடாது என்பது அதற்குத் தெரியாது.

அசை கெட்டபோது டோபமின் நரம்புகளின் துடிப்பு அடங்கியது. இது ஓரளவு எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத பாதி அடுத்துத்தான் வருகிறது. அந்த இடத்தில் கெட்டுப்போகலாம் என்று குருவி பழகியிருக்கும்போது அசை கெடாமல் சுத்தமாக வந்துவிட்டால், மிகச் சரியாக அந்த நொடியில், நரம்புகள் துடித்தெழுந்தன. பழச்சாறு இல்லை, தானியம் இல்லை, பெண் குருவி இல்லை. நினைத்ததைவிட நன்றாக வந்துவிட்ட ஓர் அசை, ஒரு நொடியிலும் சிறு பங்கு நீளமுள்ளது, அவ்வளவுதான். எவ்வளவு அடிக்கடி கெடுகிறது என்பதைப் பொறுத்துத் துடிப்பின் அளவும் மாறியது. எப்போதும் சரியாகவே வருகிற அசைக்கு இந்தத் துடிப்பு எழுவதில்லை.

இது வெறும் பக்கவிளைவாக இருக்கலாமே என்று சந்தேகப்படலாம். 2018-ல் இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தன. குருவி ஓர் அசையைச் சற்று உயர்ந்த சுருதியில் பாடும்போதெல்லாம் ஒளியைப் பாய்ச்சி இந்த நரம்புகளைத் துடிக்கவைத்தார்கள். சில நாட்களில் குருவியே அந்த அசையை உயர்த்திப் பாடத் தொடங்கியது. அந்தச் சிறு துடிப்புதான் கற்பிக்கிறது. மாதிரியோடு நெருங்கி வந்த ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து ஓர் ஆமோதிப்பு எழுகிறது. அடுத்த தடவை எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை அதுவே சொல்கிறது, அடுத்த தடவைக்கான உந்தலையும் அதுவே தருகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பறவையும் நாமும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்குமேல் ஆகின்றன. குருவியின் காலைப் பாட்டிலிருந்து ஒரு தையற்காரரின் அல்லது கவிஞரின் மனதுக்கு ஒரே தாவில் போய்விட முடியாது. ஆனாலும் இந்த டோபமின் போய்ச் சேரும் இடம், ஏரியா எக்ஸ் என்பது, நம் மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா என்ற பகுதிக்கு இணையானது. பேச்சுக்கும் கைத்திறனுக்கும் பழக்கங்களுக்கும் நமக்கு அதுவே வேண்டும். மனிதரில் பழுதானால் பேச்சைக் குலைக்கும் ஃபாக்ஸ்பி2 மரபணுவை 2007-ல் பெர்லினில் ஒரு குழு ஜீப்ரா ஃபிஞ்ச் குஞ்சுகளின் ஏரியா எக்ஸில் மட்டும் அடக்கிப் பார்த்தது. குஞ்சுகள் பெரிய பறவையின் பாட்டை அரைகுறையாகத்தான் பிடித்தன. ஆகவே குருவியிடம் கண்டதை நம் நாட்களோடு பொருத்திப் பார்ப்பது வெறும் கற்பனையாகாது. எச்சரிக்கையோடு செய்யத்தக்க காரியமே.

நம் நாட்களில் அந்த ஆமோதிப்பு எழ முதலில் மாதிரி வேண்டும். நல்ல பாட்டையோ, நல்ல சிற்பத்தையோ, நல்ல உரைநடையையோ திரும்பத் திரும்பக் கேட்டும் பார்த்தும் படித்தும் மனதில் ஏற்றிக்கொள்ளும் காலம் வீண் காலம் அல்ல. குஞ்சு வாயைத் திறக்காமல் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. அடுத்து, நம்மை நாமே கேட்கும் வழி வேண்டும். பாடுகிறவர் பதிவுசெய்து கேட்பதும், எழுதுகிறவர் உரக்கப் படித்துப் பார்ப்பதும், வரைகிறவர் போன மாதத்துத் தாளை இன்றையதன் பக்கத்தில் வைப்பதும் இதற்காகத்தான். இது இல்லாமல் உழைக்கிறவருக்கு வேண்டிய அளவு மாதிரியும் உழைப்பும் இருக்கும். எங்கே நெருங்கினோம் என்ற செய்தி மட்டும் வந்து சேராது. பலருடைய ஆர்வம் வற்றுவதற்கு உழைப்புக் குறைவைவிட இந்தச் செய்தி வராததே காரணம் என்று நான் நம்புகிறேன். இன்னொன்று, எதிர்பார்ப்பு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது. நேற்று மகிழ்வித்த வர்ணம் இன்று மகிழ்விக்கவில்லை என்றால் ஆசை செத்துவிட்டதாக அர்த்தமில்லை. அந்த இடம் இப்போது நிச்சயமாகிவிட்டது. தவறுவதற்கு வாய்ப்புள்ள அடுத்த இடத்துக்கு, சற்றே கடினமான ஒரு சங்கதிக்கு, நகரவேண்டியிருக்கிறது.

தினமும் என்ற சொல்லுக்கு வருகிறேன். நேற்று மாலை நன்றாக வந்தது இன்று காலை வரவில்லை என்று சோர்ந்துபோகாதவர் யார்? 2005-ல் செபஸ்தியான் தெரேன்யோகூர், பார்த்தா மித்ரா, ஓஃபர் செர்னிகோவ்ஸ்கி குழுவினர் ஜீப்ரா ஃபிஞ்ச் குஞ்சுகளின் ஒவ்வொரு ஒலியையும் வாரக்கணக்கில் பதிவுசெய்து அலசினார்கள். குஞ்சு மாலையில் பாடி முடித்த தரத்தில் மறுநாள் காலை தொடங்குவதில்லை. தூங்கி எழுந்ததும் பாட்டு ஒரு படி கீழே இறங்கியிருக்கும், அசைகள் மீண்டும் குழைந்திருக்கும். சில மணி நேரம் பாடிய பிறகே பழைய இடத்தைப் பிடிக்கும். வாரக்கணக்கில் இந்த ஏற்றமும் இறக்கமும் தொடரும். காலைச் சரிவு எந்தக் குஞ்சுகளுக்கு அதிகமாக இருந்ததோ, அவைதான் கடைசியில் மாதிரிப் பாட்டை அதிகத் துல்லியமாகப் பாடின. தூக்கத்தில் பறவையின் மூளை பகலில் பாடிய பாட்டின் நரம்புத் துடிப்புகளை மீண்டும் ஓட்டிப் பார்க்கிறது என்று 2000-ல் சிகாகோவில் கண்டிருந்தார்கள். இறுகியதை இளக்கி மறுபடி வார்க்கும் வேலையில் அதற்கும் பங்கு இருக்கலாம். விடிகாலையில் எழுந்து அகார சாதகம் செய்கிறவர்களின் குரல் முதலில் முரண்டுபிடிக்கும். அந்த அரை மணி நேரத்தைக் கண்டு அஞ்சாமல் கடப்பது குருவிக்கும் கர்நாடக சங்கீத மாணவருக்கும் பொதுவான பாடு.

வளர்ந்து பாட்டு உறைந்துவிட்ட குருவிக்கும் ஓய்வில்லை. டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் ஈரிஸ் ஆடம், கோன் எலமன்ஸ் குழுவினர் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண் குருவிகளைச் சில நாட்கள் பாடவிடாமல் தடுத்தார்கள். அந்தச் சில நாட்களிலேயே குரல்தசைகளின் தன்மை மாறிவிட்டது, பாட்டின் தரமும் இறங்கியது. நாம் கேட்டால் வேறுபாடே தெரியாத அளவு நுட்பமான மாற்றம்தான். பெண் குருவிகளின் காதுக்கு அது தப்பவில்லை. விடாமல் பாடிவந்த ஆணின் பாட்டையே அவை விரும்பின. அப்படியானால் கேட்க ஆளில்லாத நேரத்துப் பாட்டு, நாளை கேட்க வரப்போகிறவளுக்காகவும்தான்.

அவள் உண்மையிலேயே வந்து எதிரில் உட்காரும்போது என்ன நடக்கிறது? தனிமையில் பாடும்போது சற்று இளகி, சற்று மாறி மாறி வரும் பாட்டு, பெண் முன்னிலையில் இறுக்கமாக, துல்லியமாக வருகிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. கார்னெல் குழு 2023-ல் தன் பழைய சோதனையைப் பெண் குருவியை முன்னால் வைத்துக்கொண்டு மறுபடி செய்தது. ஆண் பாடுகிறது, கணினி அசையைக் கெடுக்கிறது, அதே நரம்புகளை அளக்கிறார்கள். இப்போது தன் பாட்டின் பிழைக்கு அந்த நரம்புகள் காட்டிய கவனம் பெரிதும் குறைந்துவிட்டது. பதிலுக்கு அவை வேறொன்றுக்குத் துடித்தன: பாட்டின் நடுவே பெண் குருவி கொடுத்த மறுகுரலுக்கு.

ஒரே நரம்புகள். தனிமையில் அவை பாட்டைக் கேட்கின்றன, சபையில் அவளைக் கேட்கின்றன. சபை வேண்டாம் என்று குருவி ஒதுங்குவதில்லை. பாட்டு போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான். ஆனால் பிழை திருந்துவது அங்கே அல்ல. வரைந்த படத்தை முடித்த கையோடு எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கைபேசியைத் திறந்து திறந்து பார்க்கும் இளைஞரிடம் நான் இந்தச் சோதனையைத்தான் எடுத்துச் சொல்வேன். காட்டுங்கள், தவறில்லை. அதற்கு முன்னால், தூரிகையை வைத்த பின் கைபேசியை எடுக்காமல், படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள். எந்தக் கோடு நினைத்ததைவிட நன்றாக விழுந்திருக்கிறது என்று உங்கள் கண்ணே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.